மருந்தடித்த விமானம்

ஷார்ஜா
12.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாலகுரு எழுதுவது. நான் சுகம். நீயும் ராதாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் ரூமில் எட்டுப் பேரும் காது கொடுக்கிறார்கள். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

சைட் வேலை முடிந்து, கம்பெனி என்னை ஒரு மியூசியத்துக்கு அனுப்பியிருக்கிறது. நிழலில் டூட்டி. அங்கே எழுபது வருடப் பழைய விமானம் ஒன்று நிற்கிறது. முதலில் பயணிகளை ஏற்றிப் பறந்ததாம். பிறகு பாதி சீட்டைப் பிடுங்கிவிட்டுப் பெரிய டேங்க் வைத்து, பருத்திக் காடுகளுக்கு மருந்தடிக்க ஓட்டினார்களாம். ஒரு தடவைக்குப் பத்துப் பேர்தான் உள்ளே போகலாம். நான் முன்வாசலில் எண்ணி ஏற்றுவேன். கீழக்கரை கௌஸ் முகம்மது பாய் பின்வாசலில் எண்ணி இறக்குவார்.

டேங்க் காய்ந்து நாற்பது வருடம் ஆகிறதாம். ஆனாலும் மத்தியானத்தில் மருந்து வாடை வருகிறது அக்கா. நம் காட்டு வாடையேதான். பாய்க்கு ஒன்றும் தெரியவில்லை.

உன் தம்பி,
பாலகுரு


சாத்தூர்
6.11.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. உன் மருமகள் ராதா பன்னிரண்டாவது படிக்கிறாள், எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

வாடை என்று எழுதியிருந்தாய். உன் மச்சான் மருந்தடிக்கப் போய் அங்கேயே விழுந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த வாடையே வேண்டாம் என்றுதான் காட்டைக் குத்தகைக்கு விட்டேன். நீ போய் அதற்குள் நிற்கிறாயே! வேறு டூட்டி கேள்.

அவர் திதிக்கு ஒரு வருடம்கூட நீ வந்ததில்லை. கேட்டால் லீவு இல்லை என்கிறாய். நிஜமாகவே லீவுதான் இல்லையா? வேளைக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா,
பஞ்சவர்ணம்


ஷார்ஜா
1.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து படி.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் பத்துப் பேரை ஏற்றினேன். பின்வாசலில் பதினொரு பேர் இறங்கினார்களாம். “எண்ணத் தெரியலையா தம்பி?” என்று பாய் சத்தம் போட்டார். மறுநாளும் பதினொன்று. மூன்றாம் நாள் பாயே சத்தத்தைக் குறைத்துவிட்டார். “கடைசியா எறங்குறவரு மூஞ்சில துண்டு கட்டியிருக்காரு. வேட்டி முழங்கால் வரைக்கும் நனஞ்சிருக்கு. யாருப்பா அது?” என்றார்.

நேற்று எல்லாரும் இறங்கிய பிறகு உள்ளே போனேன். டேங்க் பக்கத்தில் மச்சான் நின்றார். துண்டுக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. “மாப்ள, காச்சல் விட்டுருச்சா?” என்று கேட்டார். அவ்வளவுதான். நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

அக்கா, அன்றைக்கு மருந்தடிக்க வேண்டியது நான். காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போனேன். எதிர்க்காற்று அடித்த அந்த நாளில் எனக்குப் பதிலாகத்தான் மச்சான் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். ஒன்பது வருடமாக உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இங்கே கிடக்கிறேன்.

இந்த டூட்டி வேண்டாம் என்று நாளைக்கே எழுதிக் கொடுக்கப் போகிறேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

பாலகுரு


சாத்தூர்
28.12.2024

பாலகுருவுக்கு,

கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ராதா கேட்டதற்குத் தலைவலி என்றேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஒன்பது வருடத்தில் அவர் எனக்கு ஒரு கனவில்கூட வந்ததில்லை. அவர் படுத்த பாயைத்தான் விரித்துப் படுக்கிறேன். வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்து பார்த்தேன். வரவில்லை. கடல் தாண்டி உன்னிடம் வந்து, உன் காய்ச்சலைக் கேட்டிருக்கிறார்.

அந்த வேலையை விட்டுவிடாதே. எழுதிக் கொடுத்திருந்தால் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கு. தினமும் மத்தியானம் உள்ளே போ. அவர் வந்தால் பயந்து ஓடாமல் சீட்டில் உட்காரச் சொல். ராதா நன்றாகப் படிக்கிறாள் என்று சொல். முகத்தில் கட்டிய துண்டை அவிழ்க்கச் சொல். என்னிடம் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதாகக் கேள்.

அவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது. உன்னைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

பஞ்சவர்ணம்