விழவில்லை, உட்கார்ந்தேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். என் விடுமுறையன்று கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே விழுந்து, மறுநாள் நான் வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். "விழலம்மா, சும்மா உக்காந்தேன்" என்று சிரித்தார். எலும்பு முறியவில்லை. தப்பித்தோம் என்று நானும் சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுத்துப் படுக்கவைத்தேன். சாயங்காலம் அவருக்குச் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனது.

ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்ததில் தசை சிதைந்து, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டதாம். "விழுந்ததைவிட, கிடந்ததுதாம்மா கெடுத்துடுச்சு" என்றார் டாக்டர். இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. இனி நடப்பாரா என்று கேட்டேன். பிழைக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். குளியலறைக்கு மட்டும் உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். போனை டிவி மேல் வைக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்துவையுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

இதைக் கொண்டுவரும் தோழி ஊருக்கு விமானம் ஏறக் கிளம்பிவிட்டாள், முடிக்கிறேன். அப்பா, நேற்று முழுக்கக் கூப்பிட்டும் எடுக்காமல் இன்று காலையில், "விழலம்மா, கீழ உக்காந்தேன், எந்திரிக்கக் கொஞ்சம் நேரமாச்சு" என்றீர்களே. எவ்வளவு நேரம்? சிறுநீர் என்ன நிறம்? எனக்கு எழுத வேண்டாம், இதைக் கொண்டுவந்தவளிடம் சொல்லுங்கள். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பாள்.

உங்கள் மகள்