கொதித்த பாலில் கலந்த பொடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பாவின் காது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் கடிதம்.

இரண்டு கன்றுகளும் கழிச்சலில் போனது உனக்குத் தெரியும், ஏன் போயின என்பது தெரியாது. கோழிக்குத் தடுப்பூசி போட்டு, அது இடும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த நோய் எதிர்ப்புச் சத்து, பாலில் கலந்து கொடுத்தால் குடலில் கிருமி ஒட்டாது என்று சொல்லி உன் வேலையிடத்துப் பொடியை அனுப்பினாயே, அதை அப்பா யாரையும் தொட விடவில்லை. பால் வண்டிக்காரரிடம்கூட 'எம் பொண்ணு செஞ்சது' என்று பீற்றிக்கொண்டார். ஒரு வேளைகூடத் தவறாமல் அவரே கலக்கினார். ஆனால் பிறந்த கன்றுக்குட்டிக்கு எதையும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று, பொங்கி வரும் பாலிலேயே பொடியைக் கொட்டிக் கலக்கி, அப்புறம் ஆற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவதும் கண்ணை மூடிய அன்று மாட்டு டாக்டர் அடுப்பில் இருந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'முட்டைய வேக வெச்ச மாதிரிதாம்மா, அந்தச் சூட்டுல மருந்து வேலை செய்யாது, அவர்கிட்ட நான் சொல்லல, நீங்க பாத்துக்குங்க' என்றார்.

அந்தக் குட்டி அவர் விரலைச் சப்பிக்கொண்டே செத்தது. அந்த விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறார், தொழுவத்துப் பக்கம் போவதில்லை. நீ கூப்பிட்டால் 'படிச்சவ அனுப்பினான்னு நம்பினேன்' என்று எழுந்து போய்விடுகிறார். உனக்கு எப்படி வலிக்கும் என்று தெரியும். உண்மை எனக்குத் தொண்டை வரை வருகிறது, அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுகிறேன். பெற்றவள் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன், பழியை நீ வாங்கிக்கொள். 'மருந்துலதான் குறை இருந்துச்சுப்பா' என்று ஒரு வார்த்தை சொல். உன் மேல் உள்ள கோபம் நீ வாசலில் வந்து நின்றால் கரைந்துவிடும். தன்னையே வெறுக்கத் தொடங்கினால் அந்த மனுஷனை நான் எங்கே போய்த் தேடுவேன்?

சிவப்பு மாடு சினையாக இருக்கிறது. பொடியை வேறு டப்பாவில் போட்டு அனுப்பு, புது மருந்து, என் கைராசி பார்க்கலாம் என்று அவரிடம் சொல்லி, விரல் பொறுக்கும் சூட்டில் நானே கலக்கிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, இரண்டு பேரும் நீடூழி நன்றாக இருங்கள். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. நீ அனுப்பியது நல்ல மருந்துதான் கண்ணு. இந்த வீட்டில் ஒருத்திக்காவது அது தெரியும், அது போதும் என்று வைத்துக்கொள்.

உன் அம்மா