அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை

அம்மா, நீ என்னிடம் பொய் சொல்கிறாய். அதற்காக உன் முழங்கால் வலியை விசாரிக்காமல் இருக்க முடியுமா? தைலம் தேய்த்துக்கொள். நான் நலம்.

நேற்று ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பந்தயக் கார் வந்தது. கூடுதல் வேகத்துக்காக நைட்ரஸ் வாயுவைத் திறந்துவிடும் சோலனாய்டு வால்வை அதில் பொருத்தினேன். சுவிட்சை அணைக்கிற நொடியில் அதன் கம்பிச் சுருள் மின்சாரத்தைத் திருப்பி அடிக்கும். அந்த அடியில் காரின் கம்ப்யூட்டரே போய்விடலாம். அது படாமலிருக்கக் குறுக்கே, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்றை வைப்போம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். நேற்று அதைத் தலைகீழாக வைத்துவிட்டேன். நல்லவேளை, ஃபியூஸ் போனதோடு சரி.

"மாப்ளே, கை இங்க இருக்கு, மனசு எவகிட்ட இருக்கு?" என்றார் ஃபோர்மேன்.

"எங்கப்பாகிட்டண்ணே."

அவர் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

போன் செய்தால் "தூங்குறாருடா" என்கிறாய். அடுத்த முறை "குளிக்கிறாரு" என்கிறாய். பின்னால் தங்கச்சி விசும்புவது கேட்கிறது. சம்பாதிக்கப் போனவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது எவன் வைத்த சட்டம்? அவன் அழுதால் பணம் வராதா? நான் காரில் இருக்கிற கம்ப்யூட்டர் இல்லை, அம்மா. எனக்கு அடி படட்டும்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய தலையணை உறையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடமே கொடு. அவர் கையால் ஒரு வரி எழுதச் சொல். முடியாவிட்டால் கையெழுத்தாவது போடச் சொல்.