முந்திரித் தோப்பில் காட்டெருமையாக நிறுத்தப்பட்டிருக்கும் என் எருமை

அனுப்புநர்:
த. பானுமதி,
க/பெ. தனக்கோடி,
பீங்கான் தொழிற்பேட்டை பின்தெரு,
விருத்தாசலம்.

பெறுநர்:
உயர்திரு சார் ஆட்சியர் அவர்கள்,
சார் ஆட்சியர் அலுவலகம்,
விருத்தாசலம்.

பொருள்: விலங்கு பராமரிப்பு முகாமுக்கென ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்த என் சினை எருமையைத் திருப்பித் தராமல், சஃபாரி முகாமில் காட்டெருமை என்று காட்டி வெடி போட்டு விரட்டி வருவது – தீபாவளி விடுமுறைக்கு முன் மீட்டுத் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். பீங்கான் கம்பெனி ஒன்றில் அகல் விளக்கும் பொம்மையும் வார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் அதே கம்பெனியில் சூளையில் இருக்கிறார். எங்களுக்கென்று உள்ள ஒரே சொத்து ஓர் எருமை. அதன் பெயர் பவுனு. எருமையின் பெயரையெல்லாம் மனுவில் எழுதுவார்களா என்று என் கணவர் கேட்டார். முகாம்காரர்கள் அதற்கு இதுவரை மூன்று பெயர் வைத்துவிட்டபடியால், முதல் பெயரைத் தங்கள் அலுவலகத்தில் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

1. நம் மாவட்டத்து மங்களூர் தாண்டித் திட்டக்குடி சாலையில் ஒரு முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, 'பச்சைக்கிளை அனுபவ முகாம்' என்ற பெயரில் பிரேம்நாத் என்பவர் நடத்தி வருகிறார். பிள்ளைகள் பிசைந்து விளையாட வெள்ளைக் களிமண் வேண்டும் என்று கடந்த சித்திரையில் எங்கள் கம்பெனிக்கு வந்தார். மண்ணைக் கரைத்து, எப்படிப் பிசைவது என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். கம்பெனிக்குப் பின்னால் வேப்பமரத்தில் கட்டியிருந்த பவுனை அப்போது அவர் பார்த்தார். கோடை விடுமுறையில் நகரத்துப் பிள்ளைகளுக்கு விலங்கு பராமரிப்பு முகாம் நடக்கிறது, குளிப்பாட்டவும் தீனி வைக்கவும் ஓர் எருமை தேவை, ஒரு மாதம் கழித்து நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றார். எங்கள் பக்கம் அப்போது ஒரு கை புல் கிடையாது. எருமையும் தையில்தான் சினை பிடித்து, பால் வற்றியிருந்தது. அவர் தோப்பில் ஆழ்துளைக் கிணறும் தீவனப் புல்லும் இருந்தன. நம்பி ஓட்டிவிட்டேன். எழுதி வாங்கவில்லை. மாட்டைப் புல் உள்ள இடத்தில் விட்டுவைக்க எங்களில் யாரும் எழுதி வாங்குவதில்லை.

2. முதல் ஞாயிறு பார்க்கப் போனேன். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த பிள்ளைகள் வரிசையில் நின்று அதைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். ஒரு பெண் குழந்தை அதன் காது மடலை ஈரத்துணியால் துடைத்தது. பவுனு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்தப் பிள்ளைகள் மீது எனக்கு இன்றும் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகுதான் மரத்தில் தொங்கிய பலகையைப் படித்தேன். 'இவள் பெயர் ரோசி. கொடுமைக்காரக் குடும்பத்தில் பட்டினி கிடந்தவள். அடிமாட்டு லாரியிலிருந்து மீட்கப்பட்டவள்' என்று எழுதியிருந்தது. அந்தக் குழந்தை என் பக்கம் திரும்பி, இதைப் பட்டினி போட்டவர்களுக்கு மனசே இல்லையா ஆன்ட்டி என்று கேட்டது. அந்தக் கொடுமைக்காரி நான்தான் என்று அதனிடம் எப்படிச் சொல்வது? பிரேம்நாத்திடம் கேட்டதற்கு, கதை இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாசம் வரும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். எங்கள் வீட்டில் கஞ்சி இல்லாத நாள் உண்டு. பவுனுக்குக் கழுநீர் இல்லாத நாள் கிடையாது. இதைத் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

3. ஒரு மாதம் முடிந்து போனபோது எருமை அதே தோப்பில் வேறொரு முகாமில் இருந்தது. இது கம்பெனி ஊழியர்களுக்கான மன அமைதி முகாமாம். பெயரும் மாறி 'அன்னை' ஆகியிருந்தது. ஆணும் பெண்ணுமாகப் பாய் விரித்து உட்கார்ந்து, முறை வைத்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். என் கணவர் வேடிக்கையாகப் பேசுபவர். சூளைச் சூட்டில் நிற்கிற தன்னை இத்தனை வருடத்தில் ஒருவரும் இப்படி அணைத்ததில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எருமையை ஓட்டிப் போகிறோம் என்றதும் பிரேம்நாத்தின் பேச்சு மாறியது. மீட்கப்பட்ட விலங்கைக் கொடுமை செய்தவர்களிடமே திருப்பிக் கொடுப்பது தங்கள் கொள்கைக்கு விரோதம் என்றார். ஐயா, அவரே கட்டிய கதை அது. அதே பலகையைத்தான் எங்களுக்கு எதிரான சாட்சியாகக் கை நீட்டிக் காட்டினார்.

4. கோமாரித் தடுப்பூசி முகாமில் அரசாங்கம் பவுனின் இடது காதில் மஞ்சள் தோடு போட்டிருந்தது. அந்த ஒன்றாவது எங்களுக்கு அத்தாட்சி என்று நினைத்திருந்தோம். ஆடியில் போய்ப் பார்த்தபோது தோட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். காதில் ஓட்டை மட்டும் இருந்தது. எதற்காக எடுத்தார்கள் என்பது அன்று புரியவில்லை. அதன் பிறகு எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

5. நாங்கள் சும்மா இருக்கவில்லை. பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அலுவலகத்தில், எருமை உங்களுடையது என்பதற்கு ரசீது உண்டா என்று கேட்டார்கள். அது எங்கள் வீட்டில் பிறந்த எருமை. அதன் தாய் ரசீது போட்டு ஈனவில்லை. இன்னோர் இடத்தில், தோப்பில் இருப்பது காட்டெருமை என்று விளம்பரம் செய்திருக்கிறார்களே, காட்டு விலங்கு எங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். அதற்குரிய இடம் தேடிப் போனால், நீங்கள் சொல்வது வீட்டு எருமை, அது எங்களுக்குச் சேராது என்றார்கள். எருமை ஒன்றுதான் ஐயா. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் அது எந்தச் சாதி என்று தெரியாமல் நாங்கள்தான் அலைந்தோம்.

6. பவுனைக் காட்டெருமை என்று சொல்வதை முதன்முதலில் அந்த அலுவலகத்தில்தான் கேட்டேன். விசாரித்ததில், பிரேம்நாத் இப்போது சஃபாரி முகாம் நடத்துவது தெரிந்தது. கூடாரத்தில் தங்கி, ஜீப்பில் போய்க் காட்டு விலங்கு பார்க்க வேண்டும். முந்திரித் தோப்பில் காட்டு விலங்குக்கு எங்கே போவது? உடன் வேலை செய்யும் சுலோச்சனாவின் மகள் சென்னையில் இருக்கிறாள். அவள் தன் சிநேகிதிகளோடு எனக்கும் சேர்த்துச் சீட்டுப் பதிவு செய்தாள். என் சொந்த எருமையைப் பார்க்க, தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, கடந்த ஞாயிறு மாலை ஜீப்பில் ஏறினேன்.

7. ஜீப்பில் எங்களுக்கு வழிகாட்டியாகக் காக்கி உடையில் நின்றவர் திருமால். மங்களூர்ப் பக்கத்துக்காரர். சென்ற ஆண்டு வரை எங்கள் கம்பெனிக்கு மண் ஏற்றி வந்தவர். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, வாயத் தொறக்காதீங்க, எம் பொழப்பு போயிடும்" என்று காதோடு சொன்னார். காட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு. முந்திரி மரங்களுக்கு நடுவில் பவுனு நின்றது. முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை. காட்டெருமைக்குக் கால் வெள்ளையாக இருக்குமாம்; அதற்காகப் பூசியிருந்தார்கள். எங்கள் கம்பெனி வெள்ளைக் களிமண் அது. நான் கரைத்துக் கற்றுக் கொடுத்த பதம். "இவன்தான் பீமா, இந்தக் காட்டின் ராஜா" என்று ஒலிபெருக்கியில் பிரேம்நாத்தின் குரல் ஓடியது. மடி வைத்த, நிறைமாதத்தை நெருங்கும் ராஜாவை நான் அன்றுதான் பார்த்தேன். வண்டியில் இருந்த படித்தவர்கள் ஒருவர்கூட அதன் வயிற்றுக்குக் கீழே பார்க்கவில்லை.

8. என்னால் முடியவில்லை. "பவுனு, வாடியம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். அது தலையைத் தூக்கியது. பதிலுக்குக் கத்திக்கொண்டு, அந்த வயிற்றோடு, என்னை நோக்கி ஓடி வந்தது. ஜீப்பில் கூச்சல் எழுந்தது. ஒருவர் தன் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். காட்டெருமை தாக்க வந்தால் வெடி போட்டு விரட்ட வேண்டும் என்பது அங்கே விதி. திருமால் வெடியைக் கொளுத்தி அதன் காலடியில் வீசினார். அது மிரண்டு நின்றது. பயப்படாதே என்று சொல்லத்தான் நான் மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் என் பக்கம் ஓர் அடி வைத்தது. அடுத்த வெடி அதன் முகத்துக்கு நேராக வெடித்தது. திரும்பி ஓடிவிட்டது. வண்டியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஓர் அம்மாள் என் தோளைத் தட்டி, நன்றாக நடித்தீர்கள் என்று பாராட்டினார்.

9. இறங்கியதும் பிரேம்நாத் வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "ஞாயித்துக்கிழமைல வந்து கூப்புடுங்கம்மா. ஜனங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது" என்றார். சீருடையும் மாலைச் சிற்றுண்டியும் தருவாராம். எருமை என்னுடையது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி இல்லை. யார் கூப்பிட்டாலும் வரும் என்றால், அவரே கூப்பிட்டுக்கொண்டிருப்பாரே. அவர் வாசலில் மண்ணை அள்ளித் தூற்றிவிட்டு வந்தேன் என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. எருமை தீபாவளி முடிந்த சில வாரங்களில் ஈன வேண்டும். விடுமுறைக்கு அங்கே எல்லாக் கூடாரமும் நிரம்பிவிட்டதாம். காலையும் மாலையும் ஜீப் ஓடும், வெடியும் போடுவார்கள். பிறக்கப்போகும் 'காட்டெருமைக் கன்றுக்கு'ப் பெயர் சொல்பவர்களுக்குப் பரிசு என்று வாசலில் தட்டி வைத்திருக்கிறார்கள். கன்று உயிரோடு பிறந்தால்தானே பெயர் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருமால் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரும் பிழைக்க வந்தவர்.

ஆகவே, கால்நடை மருத்துவர் ஒருவரை உடன் அனுப்பி, இடது காதின் ஓட்டையையும் வயிற்றையும் சோதித்து, காலில் பூசிய மண்ணைக் கழுவிப் பார்த்து, விடுமுறை தொடங்கும் முன் எருமையை எங்கள் வீட்டில் சேர்ப்பிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

ஒரே ஒரு விவரம் பாக்கி. எருமை உங்களுடையது என்றால் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று தங்கள் ஊழியர்கள் அங்கே என்னிடம் சொல்லக்கூடும். அந்த ஞாயிறன்று ஜீப் திரும்பி வருகையில் பவுனு குட்டை ஓரம் தனியாக நின்றது. தாழ்ந்த குரலில் அதன் பெயரைச் சொன்னேன். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. நான் கூப்பிட்டால் வெடி வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. எனவே அதிகாரிகள் வரும்போது நானும் கூட வருகிறேன்; வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்கிறேன். கயிறு போட்டு மெதுவாக ஓட்டி வரத் தங்கள் ஆட்களையே அனுப்புங்கள்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
த. பானுமதி
(ஒப்பம்)

இடம்: விருத்தாசலம்
நாள்: 13.10.2025