களையெடுப்பு நாளில் விழுங்காத மாத்திரை

ஆவணி 20, வியாழன்.

எழுமலைப் பெண்கள் களையெடுக்கப் போகும் நாளில் பிரஷர் மாத்திரை விழுங்குவதில்லை. விழுங்கினால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். அந்த வெட்டவெளியில் மறைவே கிடையாது. களப்பணிக்குப் போன என்னிடம் இதைச் சொல்லவே அந்த ஊர்ப் பாண்டியம்மா அக்காவுக்கு ஒரு மாதம் பிடித்தது. அதுவும் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, காதோடு.

வகுப்பில் சொன்னேன். டாக்டர் சார் சிரித்தார். "சோசியாலஜி பொண்ணுல்ல, கதை கேட்டுட்டு வந்திருக்கு." மருத்துவமும் சமூகவியலும் சேர்ந்த படிப்பாம் எங்களுடையது. நன்றாகத்தான் சேர்ந்தது! இன்று கருத்தரங்கில் அதையே தன் கண்டுபிடிப்பு என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். என் பெயரைப் பற்றி மூச்சுகூட விடவில்லை.

சாயங்காலம் போன் செய்தார். "செமினாருக்கு வந்த சென்னை ஆளுங்கள நாளைக்கு எழுமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்மா. அந்தப் பொம்பளைங்க வாயாலயே கேக்கட்டும். நீயும் வேன்ல ஏறிரு."

"வாரேன் சார்" என்றேன்.

அத்தனை ஆண்களுக்கு நடுவில் மாத்திரையைப் பற்றிக் கேட்பார். பாண்டியம்மா அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தெனமும் தவறாம முழுங்குறோம் சார்" என்பார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். நான் எடுத்துச் சொல்வேன் என்று சார் என் பக்கம் திரும்புவார்.

நான் கதை கேட்க வந்த பொண்ணு. கேட்டுக்கொண்டே நிற்பேன்.