உன் தட்டிலிருந்து என் தட்டுக்கு வந்த சப்பாத்தி

மச்சான்,

இன்று காலையும் உன் மிஷின் 'பீப்' என்று கத்தியது. சர்க்கரை பார்க்கும் அந்தக் குட்டி மிஷின்தான். நீல நிறப் பையில் உன் தைல வாசனை இன்னும் போகவில்லை. விரலில் குத்திக்கொள்ளும் முன் நான் போடுகிற அலறலைக் கேட்டுத்தான் தங்காக்கில் சேலைக்கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குகிறார்களாம். நான் இருக்கும் கூலாய் எங்கே, ஜொகூரின் மறுகோடியில் தங்காக் எங்கே. குரல் அப்படி.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மனைவி, என் தங்கச்சி, இதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அண்ணே, நீங்களாவது குத்திப் பாருங்க." நான் வாங்கி, பத்திரமாக மேசை டிராயரில் வைத்து, எட்டு மாதம் அந்த டிராயரையே திறக்காமல் காவல் காத்தேன். வீரன் அல்லவா!

நமக்குச் சர்க்கரை என்று தெரிந்த மாதம் நினைவிருக்கிறதா? முப்பது வருஷம் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டு. நோயும் ஒரே ஷிப்டில் வந்து சேர்ந்தது. அன்று மாலையே செடெனாக் சாப்பாட்டுக் கடையில், ஆடிக்கொண்டே சுற்றும் அந்த மின்விசிறிக்குக் கீழே, நான் அரச கட்டளை பிறப்பித்தேன். இன்று முதல் நம் ராஜ்ஜியத்திலிருந்து சோறு நாடு கடத்தப்படுகிறது.

"அப்ப ராத்திரிக்கு என்னா?" என்றாய்.

"சப்பாத்தி லா! சக்கரைக்காரனுக்குன்னே கண்டுபிடிச்சது."

ஆளுக்கு ஐந்து சப்பாத்தி. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் கறி, மேலே பருப்பு. சீனி குறைத்து ஆற்றிய பால் தேநீர், நம் தே தாரேக். சீனியைத்தான் குறைத்தார்கள், டின் பாலை யாரும் குறைக்கவில்லை. தின்று முடித்து வயிற்றைத் தடவிக்கொண்டு நீ சொல்வாய்: "ஜொகூர்லயே ஒழுங்கா பத்தியம் புடிக்கிறது நாம ரெண்டு பேருதான்." நான் ஆமோதித்து இன்னொரு கிண்ணம் பருப்பு கேட்பேன்.

ஒருநாள் பக்கத்து மேசையில் ஒருவர் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? "அலமாக்! மேசையில யாருடா ஆட்டைக் கட்டிப் போட்டது?" கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாய் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பிறகு சில வாரம் உன் தட்டிலிருந்து சப்பாத்தி என் தட்டுக்கு நகர ஆரம்பித்தது. "நீ சாப்புடு மச்சான், எனக்கு வயிறு ஃபுல்லு." நண்பனின் அன்பை மறுக்க நான் என்ன கல்நெஞ்சக்காரனா? என் ஐந்தோடு உன் நாலும் சேர்த்து ஒன்பதைத் தின்றேன். நீ மீதி ஒன்றைப் பிய்த்துப் போட்டு, கறியைத் தொட்டு நக்கிக்கொண்டு, என் கதைகளுக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு ஒரு விடியற்காலையில், சர்க்கரை முன்பே அரித்துவைத்திருந்த உன் நெஞ்சு நின்றுபோனது.

மூன்று மாதம் முன்பு கண் டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தக்குழாய் கசியத் தொடங்கிவிட்டது. சர்க்கரையை இறக்காவிட்டால் பார்வை போகும் என்றார். என் கண் போனால், என் மனைவி எடுக்கும் சேலையைப் பார்த்து "பிரமாதம்" என்று பொய் சொல்ல யார் இருக்கிறார்கள்? கேலியாகத்தான் எழுதுகிறேன். அன்று காரை வீட்டுக்கு விடாமல் நேராகக் கிளினிக்குக்கு விட்டேன்.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி நான் சாப்பிடுவதையெல்லாம் ஒப்பிக்கச் சொன்னாள். சோற்றை விட்டுவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அங்கிள், சோறும் மாவுச்சத்து, சப்பாத்தியும் மாவுச்சத்து, கிழங்கும் அதேதான். சட்டைய மாத்திப் போட்டா ஆளு மாறிடுவாரா? மொதல்ல அதைக் குறைங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. நம்பரை எழுதிட்டு வாங்க, டாக்டர் பார்த்துச் சொல்லுவாரு."

மறுநாள் காலை டிராயரைத் திறந்தேன். பேட்டரி மாற்றி, கண்ணாடி போடாமல் எதையோ அழுத்த, திரையில் உன் பழைய எண்கள் வரிசையாக வந்தன. பதினாறு. பதினேழு. எல்லாம் நாம் சப்பாத்தி தின்ற நாள்கள். அதற்குப் பிந்தைய நாள்களில் பதினொன்று, ஒன்பது, எட்டு. கடைசியில் ஏழு, மிஸ்ஸி எனக்குக் குறித்துக் கொடுத்த இலக்கு. நீ போவதற்கு முந்தைய நாள்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"ஆமாண்ணே. மிஷின் காட்டுன நம்பரைப் பார்த்துட்டு அவராவே சப்பாத்திய நிறுத்திட்டாரு. வீட்டுல முட்டையும் கீரையும் சாப்புட்டுட்டுத்தான் உங்களோட கிளம்புவாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க ஆடுன்னு சொல்லிடுவீங்கன்னுதாண்ணே."

மச்சான், உனக்கு வழி தெரிந்திருந்தது. அதை எனக்கும் சொல்லியிருப்பாய். என் நாக்கு குறுக்கே படுத்திருந்தது.

அன்றிலிருந்து நான் கோஸை நூடுல்ஸ் போலச் சீவி, முட்டை உடைத்துப் பிரட்டித் தின்கிறேன். கங்கோங் கீரை, தௌகே முளைப்பயறு, சுட்ட மீன், பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு பிடி கச்சான் கடலை. பேரங்காடியில் ஒவ்வொரு புட்டியையும் திருப்பி, கஜானாவைச் சோதிக்கும் மந்திரியைப் போல எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். கறுப்புச் சாஸுக்குள் சீனி ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்து நான் போட்ட கூச்சலில் காவலாளி ஓடிவந்துவிட்டார். முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. கனவில் நெய்ச்சோறு வந்து என் பெயர் சொல்லி அழைத்தது. போகவில்லை.

இன்று காலை மிஷின் காட்டியது ஏழரை. உன் ஏழு என்ற எண்ணை நான் இன்னும் தொடவில்லை. மதியம் கண் டாக்டரிடம் போனேன். கசிவு அதிகமாகவில்லை, இப்படியே இருங்கள் என்றார்.

நேராகச் செடெனாக் கடைக்குப் போனேன். "வழக்கம்போல சப்பாத்தியாண்ணே?" என்றான் கடைக்காரன்.

"சப்பாத்தி வேணாம்! ரெண்டு அவிச்ச முட்டை, ஒரு சுட்ட மீனு, வெள்ளரிக்காய் ஒரு மலை! தே ஓ, சீனி கிடையாது, பாலும் கிடையாது! இங்க ஒரு ஆடு உக்காந்திருக்குன்னு எல்லாருக்கும் சொல்லிடு!"

கடை சிரித்தது. நீ ரகசியமாகத் தின்றதையெல்லாம் நான் ஊர் கேட்கத் தின்கிறேன் மச்சான். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

மூலை மேசையிலிருந்து, ரொட்டி சானாயைப் பாதியில் விட்டுவிட்டு, ஒருவர் எழுந்து வந்தார். குனிந்து கிசுகிசுத்தார்.

"அண்ணே, எனக்கும் சக்கரைதான்... இப்படிச் சாப்புட்டா இறங்குதா?"

உன் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"சத்தமா கேளுங்க தம்பி. உக்காருங்க."