ஆறரை மணிச் சங்கு

இன்று மாலை பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் சங்கு ஊதியதும், யாரும் கூப்பிடாமலே கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். நம் மருமகள் சிரித்துவிட்டாள். "இன்னா மாமா, நீங்களும் நோன்பா?" என்றாள். "உங்க அத்தை வெச்ச பழக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். முழுக்கதையை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. பாதியில் நீ குறுக்கே பேசுவாய். பேசு, பரவாயில்லை.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூர் தோல் கம்பெனியில் எனக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் போனால் இரவு பத்து மணிக்குத்தான் விடுவார்கள். வீட்டுக்கு வந்து குளித்து, தோல் வாடை போய்விட்டது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு சாப்பிட உட்காருவேன். பிள்ளைகளுக்குப் பொழுதோடு சோறு போட்டுவிடும் நீ, உனக்கு மட்டும் போட்டுக்கொள்ள மாட்டாய். நான் எழுந்த பிறகுதான் உன் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு படுக்கை. விடிவதற்கு முன் குழாயில் தண்ணீர் வந்துவிடும் என்று எழுந்து ஓடுவாய். காலையில் பசிக்காது, வெறும் காபி. "நீங்க துன்றதுல பாதி கூட நான் துன்னல, எனக்கு மட்டும் ஒடம்பு ஏறிக்கினே போவுது" என்று அலுத்துக்கொள்வாய். அது உண்மைதான், எனக்கும் அது புரியவில்லை.

சின்னவன் பிறந்த பிறகு உனக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் குடல் இறங்கிவிட்டது. குடம் தூக்கினால் வலியில் முகம் வெளுத்துப் போகும். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இந்த எடையில ஆபரேஷன் பண்ணா தையல் நிக்காதும்மா. கொறைச்சிட்டு வாங்க" என்றார். எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நீ சொன்னதும் என் பக்கம் திரும்பினார். "தூங்கப் போற வயித்துல சோத்தைப் போட்டா அது இன்னா பண்ணும்? பொழுது சாயும்போதே சாப்பிடச் சொல்லுங்க."

என்னவோ நான் சொன்னால் நீ கேட்டுவிடப் போவதைப் போல! திரும்பி வரும்போது பஸ் குலுங்கிய போதெல்லாம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். இரண்டும் சின்னப் பிள்ளைகள். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பேச்சை எடுத்தேன். "நீங்க அங்க ஈரத்தோலோட மாரடிக்கும்போது நான் இங்க உக்காந்து சோறு துன்றதா? வேற வேல இல்ல" என்று எழுந்து போய்விட்டாய்.

அப்போதுதான் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தேன். கம்பெனியில் கேன்டீன் திறந்துவிட்டார்கள், ஆறரை மணிக்குச் சங்கு ஊதியதும் அங்கேயே சாப்பாடு என்று அளந்துவிட்டேன். நீ நம்பினாய். நான் சாப்பிட்டிருப்பேன் என்ற நிம்மதியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீயும் சாப்பிட ஆரம்பித்தாய். நன்றாகத் தூங்கினாய். காலையில் உனக்குப் பசித்தது, இட்லி கேட்டது வயிறு. கொஞ்சம் கொஞ்சமாக உன் ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது.

என் கதைதான் பேஜாராகிவிட்டது. இடைவேளையில் கடைத்தெருவுக்கு ஓடிப் பரோட்டா தின்பேன். வீட்டுக்கு வந்தால் "ஒரே ஒரு வாய் ரசஞ்சோறு" என்று தட்டோடு நிற்பாய். மறுத்தால் உன் முகம் வாடிவிடுமே என்று அதையும் தின்பேன். பெல்ட்டில் ஓட்டைகள் தீர்ந்துபோய், கம்பெனி ஊசியால் நானே புதிதாக ஒன்று போட்டேன். உன்னிடம் குறைந்ததெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

என்னோடு வேலை செய்த காதர் பாய் தங்கை கல்யாணத்துக்கு அழைக்க வந்தாரே, நினைவிருக்கிறதா? "ஒங்க கேன்டீன் சோத்துல எண்ணெய் ஜாஸ்தியா பாய்? இவர் தொப்பையப் பாருங்க" என்று நீ கேட்டாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கேன்டீனா? நம்ம கம்பெனில டீக்கே வழி இல்லியே அண்ணி!" என்றார் வெள்ளையாக. நான் சுவரைப் பார்த்தேன்.

இரண்டு நாள் நீ பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மறுபடியும் பத்து மணிவரை பட்டினி காக்கத் தொடங்கிவிடுவாயோ என்றுதான் எனக்குக் கவலை. மூன்றாம் நாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கேரியரைக் கொண்டுவந்து கையில் திணித்தாய். சோறு, கீரைக் கூட்டு, மோர்.

"கம்பெனி சங்கு நம்ம வீட்டுக்குக் கேக்குது இல்ல? அது ஊதுனா நீங்க அங்க சாப்புடுங்க, நான் இங்க சாப்புடுறேன். சேந்து சாப்புட்ட மாதிரிதான்" என்றாய். வாசல்வரை போனவனைக் கூப்பிட்டு, "கடைப்பக்கம் போனீங்கன்னு காதில விழுந்துது..." என்று விரலை வேறு ஆட்டினாய்.

அப்புறம் ஒருநாளும் அது தவறவில்லை. தோல் பதப்படுத்தும் டிரம் ஓடும் சத்தத்துக்கு நடுவில் கேரியரைத் திறக்கும்போது, நீயும் இப்போது தட்டை எடுத்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். கம்பெனிக்கு லீவான வெள்ளிக்கிழமைகளில் எதிரெதிரே உட்கார்ந்தாலும், வாட்ச்மேன் வழக்கம்போல் சங்கு ஊதும்வரை நீ கை வைக்க மாட்டாய். அடுத்த வருஷம் ஆபரேஷன் நடந்தது, தையல் நின்றது. டாக்டரம்மா உன்னைப் பாராட்டிவிட்டு, என் வயிற்றைப் பார்த்து, "இது எப்ப கொறையும்?" என்றார். நீ சிரித்து, தையல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் சிரித்தாய். அந்தச் சிரிப்போடு நாம் வெகுகாலம் வாழ்ந்தோம். எனக்குக் குறையொன்றும் இல்லை.

கம்பெனி சங்கை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் சங்கு இருக்கிறது, மற்ற மாதங்களில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்; நீ போன பிறகும் வேளை தவறவில்லை. நம் மகன் வேலையிலிருந்து திரும்ப ஒன்பது ஆகிறது. அவனுக்காக மருமகள் காத்திருக்கப் பார்த்தாள். நான் விடவில்லை, அவளுக்கும் தட்டு வைக்கச் சொன்னேன். மகனுக்குக் கேரியர் போயிருக்கிறது.

சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது. நான் இங்கே முதல் வாய் எடுத்துவிட்டேன். நீ அங்கே சாப்பிடு.